அடிமை வரலாறும் சிறுவர் சித்திரப் புத்தகமும்

பால்மணம் மாறாச் சிறார்க்கு அடிமைத்தனத்தின் கொடுமையைக் கற்பித்தல் தகுமோ என ஐயுறுவார் பலர். தகும் என்பதே எம் துணிபு. கற்பிக்கும் முறையிலேதான் இடர்ப்பாடு உளது.

2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த சித்திரப் புத்தகமொன்று, ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையற்காரராகிய ஹெர்க்குலிஸ், தம் மகளுடன் முகமலர்ச்சியோடு பிறந்தநாட் கேக் செய்வதாகக் காட்டிற்று. கண்டனம் எழவே, பதிப்பாளர் அதனைத் திரும்பப் பெற்றனர். அந்த ஹெர்க்குலிஸ் 1797-இல் தப்பியோடியவர்! அடிமையைச் சிரிக்க வைக்கும் படம் குழந்தையின் மனத்திற்கு இதமாயிருக்கலாம். எனினும் அது பொய்.

எல்லன் லெவைன் எழுதி, காதிர் நெல்சன் சித்திரந்தீட்டி 2007-இல் வெளியான ஹென்றி பிரௌனின் கதை வேறு வகையது. மனைவியும் மக்களும் விற்கப்பட்டபின், 1849-இல் ஹென்றி ஒரு மரப்பெட்டிக்குள் ஒடுங்கி, ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவிற்கு 27 மணி நேரத்தில் சரக்காகச் சென்று விடுதலை பெற்றார். ஞாயிறு மாலைகளில் தூத்துக்குடிக் கடற்கரைச் சிறார்க்குக் கதை சொல்லிவரும் யாம், இதனையும் படங்காட்டிச் சொன்னோம். மீன்பெட்டிகளிடையே வளரும் பிள்ளைகளாதலின், பெட்டிக்குள் மூச்சு விடுவது எங்ஙனம் என்பதே அவர்களது முதற்கேள்வி. பின்னர் ஒரு சிறுமி, "அண்ணே, அவரு பிள்ளைங்க கிடைச்சாங்களா?" என்றாள். தேற்றுமொழி நாவரை வந்தது. ஆயினும், "இல்லை" என்றே விடையிறுத்தோம்.

"நம்ம ஊர்லயும் ஆளை வித்தாங்களா?" என்றான் மற்றொருவன்.

விற்றனர். 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்த்துக்கேசரிடமிருந்து கைப்பற்றினர். 1673 முதல் மதுரைச்சீமையை வறட்சியும் போரும் வாட்ட, 1677-க்குள் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் அவர்கள் ஏற்றிய அடிமைகள் 1,839 பேர் என்பது கணக்கு. முத்தையும் துணியையும் எழுதிய கும்பினியே மனிதரையும் தொகையிட்டு எழுதிற்று. ஆங்கிலக் கும்பினியாட்சியில் அடிமையுடைமையை நீதிமன்றங்கள் ஏலாவாறு செய்தது 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டமே.

இதற்குக் காட்டப் படம் எம்மிடம் இன்மையால், கரும்பலகையில் வரையலுற்றோம். விலங்கும் சவுக்கும் வரைந்திலோம். அவை அச்சுறுத்துமேயன்றி அறிவுறுத்தா. தோணியொன்றும் அதில் ஒரு சிறுவனும் வரைந்தோம். "கரையில அவன் அம்மாவைப் போடுங்கண்ணே" என்றாள் அதே சிறுமி. அத்தாயின் முகத்தை வரையும் வகை அறியாது, முதுகு காட்டிக் கடல்நோக்கி நிற்பவளாக வரைந்தோம்.