மிதிவண்டிப் பாதையும் மோர்க்கடையும்

பாற்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க விஸ்கான்சின் மாநிலத்தில், கைவிடப்பட்ட இரயில் தடமொன்று 1967-இல் 32 மைல் மிதிவண்டிப் பாதையாயிற்று. நம் ஏரியூரிலிருந்து நாகமரை செல்லும் சாலையும் அத்தகைய சவாரிக்கு ஏற்றதே. 1934-இல் கட்டிமுடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை அங்கே காணலாம்; நீர் வற்றுங்கால் எதிர்க்கரைப் பண்ணவாடியில், மூழ்கிய கோயிலின் நந்தியும் வெளிப்படும்.

களைத்து வருவோர்க்கு இவ்வழியிலுள்ள பால் சங்கத்தார் எதை விற்பது? பச்சைப்பால் வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். காய்ச்சி முந்திய இரவே உறையிட்ட மோர் பகலெல்லாம் நிற்கும். கடைந்தெடுத்த வெண்ணெயும் தனியே விலைபோகும். (நீர் சேர்க்க மோருக்கு உரிமையுண்டு; பாலுக்கு இல்லை.) இவ்விற்பனைக்குத் தனிப் பேரேடு அவசியம். ஒன்றியத்துக்கு அனுப்பும் பாற்கணக்கோடு இதைக் கலந்தால், மோரில் கிடைத்தது இலாபமா நட்டமா என்பதைப் பேரவையில் எந்த உறுப்பினரும் கேட்டறிய இயலாது.