கதவு எத்தனை அடி?

பெங்களூரில் வீட்டு மனையை 'சைட்' என்று சொல்வார்கள். 'இருபது முப்பது சைட்' என்றால் 20 அடி அகலம், 30 அடி நீளம். 'முப்பது நாற்பது' என்றால் 30 அடிக்கு 40 அடி. ஓர் ஆட்டோ டிரைவரின் குடும்பம் இருபது முப்பது சைட் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டிருந்தது. சீட்டுப் பணம், நகை அடகு, வட்டிக் கடன் எல்லாம் அந்த வீட்டுக்குள் போயிருந்தன.

டிரைவரின் மனைவி தையல் வேலை செய்பவர். முன்பெல்லாம் ரவிக்கை தைக்க வருபவர்களிடம், "அளவு ரவிக்கை கொண்டு வாங்க" என்பார். டேப்பில் உள்ள எண்கள் அவருக்குத் தெரியாது. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்த பிறகு அவரே டேப் வைத்து அளக்கிறார். அளந்ததை நோட்டில் எழுதியும் வைக்கிறார்.

புது வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்று ஆட்டோ நிறுத்தும் ஷெட். அதன் உள் அகலம் 9 அடி, நீளம் 16 அடி. அடுத்தது அவருடைய தையல் அறை. அதற்கு 7 அடி அகலம்தான் கிடைத்தது. ஷெட் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வாடகை வீட்டில் இருந்தபோது ஆட்டோ தெருவில்தான் நிற்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் பேட்டரி இல்லை. அன்று ஓட்டமும் இல்லை.

சுவர் வாசல் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாள் மாலை மேஸ்திரி வந்து சொன்னார்:

"அம்மா, நாளைக்கு லிண்டல் போடப் போறோம். ஷட்டர் வாசல் 8 அடி அகலம், 7 அடி உயரம். ஆட்டோவுக்கு இது ரொம்பத் தாராளம்."

வாசலுக்கு மேலே குறுக்காகப் போடும் கான்கிரீட் பட்டைக்கு லிண்டல் என்று பெயர். மேல் சுவரின் பாரத்தை அதுதான் தாங்கும். அதைப் போட்ட பிறகு வாசலைப் பெரிதாக்க வேண்டுமானால் இடிக்க வேண்டும். இடிக்கக் கூலி, மறுபடி கட்டக் கூலி, புதுக் கம்பி, புது சிமெண்ட். வாசல் அளவை யோசிக்க அந்த ஓர் இரவுதான் இருந்தது.

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு ஆட்டோவிடம் போனார். அகலம் 4 அடி 3 அங்குலம். உயரம் 5 அடி 7 அங்குலம். மேஸ்திரி சொன்னது சரிதான். 8 அடி வாசலில் ஆட்டோ சுலபமாகப் போகும்.

"ஏங்க, நம்ம பையன் குட்டி யானை வாங்கணும்னு சொல்றானே? அது போகுமா?" என்று கணவரிடம் கேட்டார்.

டாடா ஏஸ் என்ற சிறிய சரக்கு வண்டியைத்தான் மக்கள் குட்டி யானை என்கிறார்கள். அது 2005-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி வந்து கடைகளுக்குப் போடலாம் என்பது மகனின் எண்ணம்.

"வாங்கும்போது பார்த்துக்கலாம்" என்றார் கணவர்.

"வாங்கும்போது சுவரை இடிக்கிறதா?"

தெருக்கோடியில் ஒருவரிடம் குட்டி யானை இருந்தது. மூவரும் அங்கே போனார்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அகலம் 1,500 மில்லி மீட்டர் என்று போட்டிருந்தது. 1,000 மில்லி மீட்டர் ஒரு மீட்டர். 1 மீட்டர் என்பது சுமார் 3 அடி 3 அங்குலம். அப்படியானால் 1,500 மில்லி மீட்டர் சுமார் 4 அடி 11 அங்குலம். டேப்பின் ஓர் ஓரத்தில் அங்குலமும் மறு ஓரத்தில் சென்டி மீட்டரும் இருந்தால் இந்தக் கணக்கைக்கூடப் போட வேண்டாம். 150 சென்டி மீட்டருக்கு எதிரே பார்த்தால் 59 அங்குலம் என்று தெரியும்.

ஆனால் அவர் புத்தகத்தோடு நிற்கவில்லை. வண்டியை அளந்தார். ஒரு பக்கக் கண்ணாடியின் நுனியிலிருந்து மறுபக்கக் கண்ணாடியின் நுனி வரைக்கும் ஏறக்குறைய 6 அடி வந்தது. புத்தகத்தில் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்க மாட்டார்கள். வாசலில் முதலில் உரசுவது கண்ணாடிதான். வண்டியின் உயரம் 6 அடி 1 அங்குலம். நீளம் 12 அடி 6 அங்குலம்.

"8 அடி வாசல், 6 அடி வண்டி. பக்கத்துக்கு ஓர் அடி மிச்சம். போதும்" என்றான் மகன்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இது தெரியும். பக்கத்துக்கு ஓர் அடி இருந்தால் பயமில்லாமல் ஓட்டலாம். அரை அடி இருந்தால் மெதுவாக, பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். அதற்கும் கீழே போனால் என்றைக்காவது ஒரு நாள் உரசும்.

அன்று இரவே ஷட்டர் கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் தமிழ் பேசுபவர். அவரிடம் அந்த அம்மா கேட்ட கேள்வி இதுதான்:

"அண்ணே, ஷட்டரை எந்த இடத்துல மாட்டுவீங்க?"

"வாசலுக்குள்ளேயேதாம்மா. ரெண்டு பக்கமும் சேனல் வரும். மேலே லிண்டலுக்கு அடியில உருளை வரும். எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

சேனல் என்பது ஷட்டர் தகடு ஏறி இறங்கும் இரும்புத் தடம். உருளை என்பது தகடு சுருண்டு உட்காரும் இடம். அதைச் சுற்றித் தகரப் பெட்டி போடுவார்கள். சேனல் பக்கத்துக்கு 3 அங்குலம் இடம் எடுக்கும், பெட்டி 12 அங்குலம் கீழே தொங்கும் என்றார் கடைக்காரர். அந்த அம்மா நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார்.

முதலில் அகலம். 8 அடி என்றால் 96 அங்குலம். இரண்டு பக்கமும் பூச்சு அரை அரை அங்குலம். மிச்சம் 95. சேனலுக்கு 3-ம் 3-ம் 6 அங்குலம். மிச்சம் 89 அங்குலம். அதாவது 7 அடி 5 அங்குலம். 6 அடி வண்டிக்குப் பக்கத்துக்கு 8 அங்குலம் போல மிச்சம். இறுக்கம்தான். ஆனாலும் போய்விடும்.

அடுத்தது உயரம். 7 அடி என்றால் 84 அங்குலம். தரையில் இன்னும் கல் பதிக்கவில்லை. அதற்கு 2 அங்குலம் போகும். மிச்சம் 82. ஷட்டர் பெட்டிக்கு 12 அங்குலம் போனால் மிச்சம் 70. அதாவது 5 அடி 10 அங்குலம்.

குட்டி யானையின் உயரம் 6 அடி 1 அங்குலம்.

மூன்று பேரும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். உயரம் 7 அடி என்றதும் அதை மறந்துவிட்டார்கள். அந்த 7 அடியில் 14 அங்குலம் காணாமல் போனது நோட்டில் எழுதிய பிறகுதான் தெரிந்தது. 5 அடி 7 அங்குல ஆட்டோ பல வருடம் ஒழுங்காக உள்ளே போய் வந்திருக்கும். தவறு தெரிந்தே இருக்காது. புது வண்டி வாங்கி வந்த அன்றுதான் தெரிந்திருக்கும்.

"அப்போ ஷட்டரே வேண்டாம். ரெண்டு கதவு வைச்ச இரும்பு கேட் போட்டுடலாம். செலவும் குறையும்" என்றார் கணவர்.

அதற்கும் கணக்குப் பார்த்தார்கள். 8 அடி வாசலுக்கு ஒவ்வொரு கதவும் 4 அடி. கதவு உள்பக்கம் திறந்தால் அது சுற்றி வர 4 அடி இடம் வேண்டும். ஷெட்டின் நீளம் 16 அடி. வண்டி 12½ அடி. மிச்சம் 3½ அடிதான். கதவு வண்டியில் இடிக்கும். வெளிப்பக்கம் திறந்தால் கதவு தெருவுக்குள் நீட்டும். சைக்கிளில் வரும் பிள்ளைகளின் மேல் படும். பல தெருக்களில் அப்படித் திறக்கும் கேட்டுகள் இருக்கின்றன என்பது உண்மைதான். பார்த்துச் செய்ய வேண்டியது இல்லை. பக்கவாட்டில் தள்ளும் கதவு வைக்கலாம் என்றால், கதவு ஒதுங்கி நிற்க அதே அகலத்துக்குச் சுவர் வேண்டும். ஒரு பக்கம் தையல் அறையின் வாசல். மறுபக்கம் அடுத்த வீடு.

"வாசலையும் ஷெட்டையும் ஓர் அடி பெரிசு பண்ணிடலாம்" என்றார் கணவர். பெரிதாக்கினால் அந்த ஓர் அடி தையல் அறையிலிருந்துதான் வர வேண்டும். 7 அடி அறை 6 அடி ஆகும். தையல் மிஷினும் துணி வெட்டும் மேஜையும் போட்டால் நடக்க வழி இருக்காது. அதோடு, வாசல் அகலமாகிவிட்டால் உயரம் கூடிவிடாது. அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணே, ஷட்டரைச் சுவருக்குப் பின்னாடி, உள்பக்கமா மாட்ட முடியாதா?"

"முடியும்மா. வாசலுக்கு ரெண்டு பக்கமும் உள்ளே கொஞ்சம் சுவர் இருக்கணும். சேனலை அதுல அடிக்கணும். மேலே லிண்டலுக்குப் பின்னாடி உருளை உட்கார இடம் இருக்கணும்."

ஷெட்டின் அகலம் 9 அடி. வாசல் 8 அடி. ஆகவே பக்கத்துக்கு அரை அடி சுவர் இருந்தது. 3 அங்குல சேனலுக்கு அது போதும். மேலேதான் சிக்கல். லிண்டலுக்குப் பின்னால் ஒரு பரண் போடுவதாக இருந்தது. துணி மூட்டைகளையும் பண்டிகைப் பாத்திரங்களையும் வைக்க அவரே கேட்டு வாங்கிய பரண் அது.

"பரண் வேண்டாம்" என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலை மேஸ்திரி நோட்டைப் பார்த்தார். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆள் வந்துவிட்டது, கம்பி கட்டியாகிவிட்டது என்றார். பிறகு அவரே ஒரு வேலையைச் சேர்த்துச் சொன்னார். "ஷட்டர் பாரம் முழுக்க அந்த அரை அடிச் சுவர்ல நிக்கும். செங்கல்லுல போல்ட் அடிச்சா ஆடிப்போகும். ரெண்டு பக்கமும் கான்கிரீட் போட்டுடறேன்." அதற்குக் கொஞ்சம் கம்பியும் சிமெண்டும் கூடுதலாக ஆயிற்று. லிண்டல் ஒரு நாள் தள்ளிப் போயிற்று.

அந்த ஒரு நாளில் இன்னொரு சோதனையும் செய்தார்கள். வாசல் அகலம் போதும் என்றால் மட்டும் போதாது. வண்டி தெருவிலிருந்து திரும்பி உள்ளே வர வேண்டும். ஆட்டோ சின்ன இடத்தில் சட்டென்று திரும்பிவிடும். குட்டி யானைக்கு அதைவிட அதிக இடம் வேண்டும். பூச்சுக்குப் பிறகு இருக்கும் அகலம் 7 அடி 11 அங்குலம். அந்த அளவுக்கு வாசலின் இரண்டு ஓரத்திலும் செங்கல் அடுக்கி வைத்தார்கள். தெருக்கோடி வண்டிக்காரர் தம் வண்டியைக் கொண்டு வந்து திருப்பிப் பார்த்தார். எதிரே வண்டி எதுவும் நிற்காதபோது ஒரே திருப்பில் வந்தது. எதிரே ஒரு கார் நின்றபோது ஒருமுறை பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டு முறையும் செங்கல் விழவில்லை.

சரிவையும் பார்த்தார்கள். மழைத் தண்ணீர் வராமல் இருக்க ஷெட் தரையைத் தெருவைவிட உயர்த்திக் கட்டுவார்கள். வண்டி சரிவில் ஏறும்போது பின் சக்கரம் கீழே இருக்கும். முன் சக்கரம் மேலே இருக்கும். அப்போது வண்டியின் முன் உச்சி இன்னும் மேலே தூக்கும். ஆகவே வண்டி உயரத்துக்குச் சரியாக லிண்டல் வைக்கக் கூடாது. இவர்களுக்கு இப்போது 82 அங்குலம், அதாவது 6 அடி 10 அங்குலம் கிடைத்தது. வண்டிக்கு மேலே 9 அங்குலம் மிச்சம். கூண்டு கட்டிய வண்டி என்றால் இதுவும் போதாது. மகனிடம் அதையும் சொல்லி வைத்தார்கள்.

ஷட்டர் வந்தபோது கடைக்காரர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். உருளைக்குள் முறுக்கிய ஸ்பிரிங் இருக்கிறது. அது கெட்டுப்போனால் வீட்டில் யாரும் கழற்றக் கூடாது. தெரியாமல் கழற்றினால் சட்டென்று விடுபட்டு அடிக்கும். இரண்டாவது, ஷட்டர் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைகள் அடியில் போகக் கூடாது.

அவருடைய ஆட்டோ எல்.பி.ஜி. கேஸில் ஓடுவது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் ஷெட்டின் சுவரில் தரையை ஒட்டி இரண்டு ஓட்டைகள் விட்டு, கம்பி வலை அடித்தார்கள். மேலே ஒரு ஜன்னலும் வைத்தார்கள். ஷட்டரை மூடிவிட்டு உள்ளே இன்ஜினை ஓட விடுவதில்லை. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இப்போது ஷெட்டில் ஆட்டோதான் நிற்கிறது. மகன் இன்னும் பணம் சேர்க்கிறான். பரணில் ஏற வேண்டிய துணி மூட்டைகள் தையல் மேஜைக்கு அடியில் இருக்கின்றன.

பயிற்சி

1. ஒரு வீட்டில் ஷட்டர் வாசலுக்கு 10 அடி அகலம் விட்டிருக்கிறார்கள். பக்கத்துக்கு அரை அங்குலம் பூச்சு. சேனலை வாசலுக்குள்ளேயே மாட்டுகிறார்கள். அதற்குப் பக்கத்துக்கு 3 அங்குலம். வண்டி போக எத்தனை அடி, எத்தனை அங்குலம் மிச்சம் இருக்கும்?

2. உங்கள் தெருவில் நிற்கும் ஒரு வண்டியை, சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அளந்து பாருங்கள். பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒரு முறையும், சேர்க்காமல் ஒரு முறையும் அகலத்தை எழுதுங்கள்.