சம்பளமில்லாத வேலை, சைடில் சிறுகதை

வீட்டுவேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. ஆனாலும் 2013-இல் நோபல் பரிசு பெற்ற கனடாவின் ஆலிஸ் மன்றோ, குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதியவர்தான். நாவலுக்கு நேரம் வாய்க்காமல் சிறுகதைக்கு வந்தவர். நீங்களும் சிறுகதையிலேயே தொடங்குங்கள்.

ஸ்கூல் வேன் கிளம்பியதும் முதல் அரைமணி கதைக்கு. பாத்திரம் சிங்க்கிலேயே கிடக்கட்டும், ஓடிவிடாது! எழுந்திருக்கும்போது வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். குக்கர் விசிலுக்கு நடுவே தோன்றும் வசனத்தை, போனில் தமிழிலேயே பேசி எழுத்தாகப் பதிந்துவிடலாம். ஊர்ப்பெயர், ஆள்பெயரையெல்லாம் அது கன்னாபின்னாவென்று எழுதும், ராத்திரி திருத்திக்கொள்ளுங்கள்.

‘சும்மாதானே இருக்கே’ என்று வேலை ஏவுகிறவர்களிடம் அந்த அரைமணியை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பத்திரிகைக்கு அனுப்புமுன் ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.