வட்டில் உறங்கும் எழுத்துகள்

இடையஞ்சாவடி அன்பர் ஒருவர் இல்லத்தில், அவர்தம் தந்தையார் 1990களில் தட்டச்சிட்டுச் சேமித்த தோத்திரங்கள் அடங்கிய நெகிழ்வட்டு ஒன்றைக் கண்டோம். உப்புக்காற்றுக்கும் தப்பிய வட்டு அது. திறந்தாலோ பொருளற்ற குறிகளே தோன்றின.

அக்காலத்து எழுத்துருக்கள் தத்தமக்கெனக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாடு டாம், டாப் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. மதுரைத் திட்டத்தாரும் திஸ்கியில் இட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினர். ஓலை செல்லரிக்குமுன் படியெடுத்த நம் முன்னோர் செயலும் இதுவன்றோ!

ஆதலின் கோப்பை முதலில் உள்ளவாறே நகலெடுத்து, எழுத்துருவின் பெயரையும் குறித்து வைத்தல் வேண்டும். பழைய முறையில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன் நிற்கும்; யூனிகோடில் பின் நிற்கும். பிழை அங்கே நேர்தல் உண்டு. நாம் கண்ட வட்டில் எழுத்துருவின் பெயர் இல்லை. தந்தையாரின் பழைய அச்சுத்தாள் ஒன்றைக் கொண்டே ஒவ்வொரு குறியாக இனங்கண்டு வருகிறோம்.