பேசும் முரசுகள்

கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். மேடையின் நடுவில் பாடகர் அமர்ந்திருப்பார். அவருக்கு ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம். கடம் வாசிப்பவர் பெரும்பாலும் சற்றுப் பின்னால்தான் அமர்ந்திருப்பார். மிருதங்கம் பக்கவாத்தியம், கடம் உபபக்கவாத்தியம். கச்சேரியின் பிற்பகுதியில் வரும் தனியாவர்த்தனம் மட்டுமே தாளக் கலைஞர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நேரம்.

மேற்கத்திய ராக் இசைக்குழுக்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். பாடகரும் கிட்டார் கலைஞரும் முன்னால் நிற்பர். டிரம்ஸ் வாசிப்பவரோ பின்னால் அமர்ந்திருப்பார்.

இவ்வாறு துணையாகவே இருந்த தாளக்கருவிகள் முன்வரிசைக்கு வந்தால் என்ன ஆகும்? பாடலையே எதிர்பார்த்துப் பழகிய மக்கள் அவற்றைக் கேட்பார்களா? வெவ்வேறு நாட்டு முரசுகள் ஒன்றாக ஒலித்தால் இசை பிறக்குமா, இரைச்சல் பிறக்குமா? 1991ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளானட் டிரம்' என்னும் இசைத்தொகுப்பு இக்கேள்விகளுக்கு விடை தந்தது. 'பூமிக்கோளின் முரசு' என்று அப்பெயரைத் தமிழில் கூறலாம்.

பல நாட்டுக் கலைஞர்கள்

இம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் மிக்கி ஹார்ட். அமெரிக்காவின் புகழ்பெற்ற 'கிரேட்ஃபுல் டெட்' ராக் குழுவில் 1967இல் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் இவர். உலக மக்களின் முரசுகளைப் பற்றித் தேடித் தேடிக் கற்றார். அவற்றைப் பற்றி நூல்களும் எழுதினார். இந்தியாவின் தபேலா மேதை ஜாகிர் உசேன் இவருடைய நெடுநாள் நண்பராக இருந்தார்.

நைஜீரியாவிலிருந்து இருவர் இணைந்தனர். ஒருவர் பாபாதுண்டே ஒலாதுஞ்சி. 1950இல் உயர்கல்விக்காக அமெரிக்கா சென்ற இவர், பிற்காலத்தில் ஆப்பிரிக்க முரசிசையை அந்நாட்டு மக்களிடையே பரப்பினார். மற்றவர் சிகிரு அடேபோஜு, 'பேசும் முரசு' வாசிப்பதில் வல்லவர். பிரேசிலிலிருந்து ஐர்டோ மொரேரா, ஃபுளோரா புரிம் ஆகியோர் வந்தனர். போர்ட்டோ ரிக்கோ இசைமரபைச் சேர்ந்த ஜியோவானி ஹிடால்கோ, ஃபிராங்க் கொலோன் ஆகியோரும் சேர்ந்தனர்.

இக்குழுவில் தமிழர் ஒருவரும் இருந்தார். அவர்தான் கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம். 1942இல் பிறந்த இவர், தம் தந்தை ஹரிஹர சர்மாவிடம் தாளக்கலையைக் கற்றவர். 1970களில் 'சக்தி' இசைக்குழுவின் வழியாகக் கடத்தின் ஒலியை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றவர்.

மண்பானையின் குரல்

கடம் என்பது ஒரு மண்பானை. அதற்குத் தோலும் இல்லை, நரம்பும் இல்லை. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலுள்ள மானாமதுரை, கடம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். மண்ணைப் பக்குவமாகப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, மரப்பலகையால் பலமுறை தட்டித் தட்டிப் பானையின் சுவரைச் சீராக்குவர். பின்னர்ச் சூளையில் சுடுவர். சுட்டபின் அதன் சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. ஆகவே, வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு கடங்களைக் கலைஞர்கள் வைத்திருப்பர். கடத்தின் கழுத்து, வயிறு, அடிப்பகுதி ஆகிய இடங்களில் விரலாலும் உள்ளங்கையாலும் தட்ட, இடத்திற்கு ஏற்றவாறு ஒலி மாறும். கலைஞர் பானையின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அதன் ஆழ்ந்த ஒலியை மாற்றுவார்.

நைஜீரியாவின் இக்போ மக்களிடமும் ஒரு மண்பானைக் கருவி உண்டு. அதன் பெயர் 'உடு'. அதன் வயிற்றுப் பகுதியில் கூடுதலாக ஒரு துளை இருக்கும். அத்துளையைக் கையால் மூடித் திறக்கும்போது, நீருக்குள்ளிருந்து எழுவது போன்ற ஒலி கேட்கும். 'பிளானட் டிரம்' தொகுப்பின் முதல் இசைப்பகுதி இந்த உடுவின் பெயரையே தாங்கியுள்ளது. கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த இரு மக்கள், ஒருவரையொருவர் அறியாமலேயே, தண்ணீர் சுமக்கும் பானைக்குள் இசை இருப்பதைக் கண்டுகொண்டனர். இது வியப்பன்றோ!

பிரிந்த உறவுகள்

இத்தொகுப்பில் ஒலிக்கும் வேறு சில முரசுகளுக்குத் துயரமான வரலாறு உண்டு. பல நூற்றாண்டுகளாக ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பல்களில் ஏற்றப்பட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களால் வீட்டையோ நிலத்தையோ எடுத்துச் செல்ல முடியவில்லை. ஆனால், நினைவில் இருந்த தாளங்களை எவராலும் பறிக்க இயலவில்லை. போன இடத்தில் கிடைத்த மரத்தையும் தோலையும் கொண்டு மீண்டும் முரசுகளைச் செய்தனர். கரீபியத் தீவுகளின் கொங்கா முரசும் பிரேசில் நாட்டுத் தாளங்கள் பலவும் இவ்வாறு வளர்ந்தவையே.

முரசின் ஆற்றலை அடிமைகளின் முதலாளிகளும் அறிந்திருந்தனர். 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசுகளை முழக்கிச் சென்றனர். அடுத்த ஆண்டே, அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. முரசொலி மக்களை ஒன்றுதிரட்டும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

இந்த வரலாற்றை மனத்தில் கொண்டு பார்த்தால், நைஜீரியாவின் முரசும் போர்ட்டோ ரிக்கோவின் கொங்காவும் பிரேசிலின் தாளங்களும் ஒரே இசைத்தட்டில் ஒலிப்பது சாதாரண நிகழ்வன்று. நெடுங்காலத்திற்குமுன் பிரிக்கப்பட்ட உறவினர் மீண்டும் ஒரே வீட்டில் கூடிப் பேசுவதைப் போன்றது அது.

முரசு எப்படிப் பேசும்?

'பேசும் முரசு' என்பது வெறும் புகழ்ச்சிப் பெயரன்று. அது நம் உடுக்கையைப் போல இடை சிறுத்திருக்கும். அதன் இரு முகங்களையும் கயிறுகள் இணைக்கும். கலைஞர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வளைந்த குச்சியால் அடிப்பார். கயிறுகளை அழுத்தினால் ஒலி உயரும்; தளர்த்தினால் தாழும்.

நைஜீரியாவின் யொருபா மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றிவிடும். 'ஒக்கோ' என்னும் சொல்லை ஒருவகையாக ஒலித்தால் 'கணவன்' என்று பொருள். வேறுவகையாக ஒலித்தால் 'மண்வெட்டி'. இன்னொரு வகையாக ஒலித்தால் 'வண்டி'. இந்த ஏற்ற இறக்கங்களை முரசில் அப்படியே எழுப்பும்போது, கேட்பவருக்கு வாக்கியம் புரிகிறது. வாழ்த்தும் பழமொழியும் முன்னோர் புகழும் முரசின் வழியே பேசப்படுகின்றன.

நம் மரபிலும் முரசும் பேச்சும் நெருங்கியவைதாம். மிருதங்கம் கற்கும் மாணவர் 'த தி தொம் நம்' என்னும் சொற்கட்டை முதலில் வாயால் சொல்லிப் பழகுகிறார். பிறகுதான் கையால் வாசிக்கிறார். தபேலாவுக்கும் இத்தகைய சொற்கள் உண்டு. யொருபா முரசு மொழியைத் தாளமாக்குகிறது. நம் சொற்கட்டு தாளத்தை மொழியாக்குகிறது. இரு மரபிலும் பாடத்தைச் செவியே முதலில் பெறுகிறது. வெவ்வேறு மொழி பேசும் கலைஞர்கள் சேர்ந்து இசைப்பதற்கு இந்தச் செவிப்பழக்கம் பெருந்துணை ஆகிறது.

மூன்றும் நான்கும் சந்திக்கும் இடம்

வேறுபட்ட தாளங்கள் ஒன்றோடொன்று மோதாமல் எப்படி இணைகின்றன? இதை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரு மாணவர்கள் ஒரே வேகத்தில் எண்ணட்டும். முதலாமவர் மூன்று எண்ணிக்கைக்கு ஒருமுறையும், இரண்டாமவர் நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறையும் கைதட்ட வேண்டும். முதல் தட்டு சேர்ந்து விழும். அடுத்தடுத்த தட்டுகள் விலகிச் செல்லும். சரியாக 12 எண்ணிக்கைகள் முடிந்ததும் இருவர் கைகளும் மீண்டும் ஒன்றாக ஒலிக்கும்.

ஆப்பிரிக்க முரசிசையிலும் இந்திய இசையிலும் இத்தகைய சந்திப்புகள் மிகுதி. கர்நாடக இசையில் மூன்றை 'திஸ்ரம்' என்றும் நான்கைச் 'சதுஸ்ரம்' என்றும் அழைப்பர்.

இந்தச் சோதனையில் ஒரு பாடம் உள்ளது. மூன்று தட்டுபவர் நான்குக்கு மாறிவிட்டால் இசையின் அழகு போய்விடும். அடுத்தவரைக் கவனிக்காமல் வேகத்தைக் கூட்டினாலோ இருவரும் மீண்டும் சந்திக்கவே இயலாது. தன் தாளத்தை விட்டுவிடவும் கூடாது. பிறர் தாளத்தைக் கேட்க மறுக்கவும் கூடாது. பல நாட்டுக் கலைஞர்கள் கூடி இசைப்பதன் அடிப்படை இதுவே.

முன்வரிசைக்கு வந்த முரசுகள்

'பிளானட் டிரம்' தொகுப்பில் ஆங்காங்கே பாடும் குரல்களும் உண்டு. எனினும், தொடக்கம் முதல் இறுதி வரை தாளக்கருவிகளே முதன்மை பெறுகின்றன. மக்கள் அதைக் கேட்டார்கள், விரும்பினார்கள். 1992ஆம் ஆண்டு கிராமி விருது விழாவில் 'சிறந்த உலக இசைத்தொகுப்பு' என்னும் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டபோது, அதன் முதல் விருதை 'பிளானட் டிரம்' பெற்றது. எந்த மண்ணில் ஒரு காலத்தில் முரசுக்குத் தடை விதிக்கப்பட்டதோ, அதே மண்ணில் முரசுகளுக்கு இப்பெருமை கிட்டியது.

மானாமதுரை போன்ற ஊர்களின் மண்ணில் பிறந்த கடத்திற்கும் அவ்வெற்றியில் பங்குண்டு. மேடையின் பின்னால் அமர்ந்திருந்த கருவி, உலகம் திரும்பிப் பார்க்கும் இடத்திற்கு வந்தது. அதற்காக அது தன் ஒலியை மாற்றிக்கொள்ளவில்லை. கடம் கடமாகவே ஒலித்தது. கொங்கா கொங்காவாகவே ஒலித்தது. பேசும் முரசும் தன் மொழியிலேயே பேசியது. ஒன்றுபடுவதற்கு ஒரே மாதிரி ஆக வேண்டியதில்லை. ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டாலே போதும். அந்த முரசுகள் நமக்குச் சொல்லும் செய்தி இதுதான்.

சொற்பொருள்

உபபக்கவாத்தியம் – பக்கவாத்தியத்திற்குத் துணையாக இசைக்கப்படும் கருவி
தனியாவர்த்தனம் – கச்சேரியில் தாளக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி
வனைதல் – மண்ணால் பாண்டம் செய்தல்
சொற்கட்டு – தாளத்தைக் குறிக்கும் ஓசைச் சொற்களின் கோவை

சிந்தித்து விடையளிக்க

1. கடக் கலைஞர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கடங்களை வைத்திருப்பது ஏன்?
2. கடத்திற்கும் உடுவிற்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
3. 'பிரிந்த உறவினர் மீண்டும் கூடிப் பேசுவதைப் போன்றது' என்று கட்டுரையாசிரியர் கூறக் காரணம் என்ன?
4. மூன்று, நான்கு எண்ணிக்கைக் கைதட்டல் சோதனை உணர்த்தும் கருத்தை உம் சொந்த நடையில் விளக்குக.
5. உம் பள்ளி விழாவில் உறுமி, கொம்பாங், சீன முரசு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். மூன்று குழுக்களும் தத்தம் தனித்தன்மையை இழக்காமல் இணைந்து இசைக்க நீர் கூறும் ஆலோசனைகள் யாவை? குழுவில் கலந்துரையாடுக.