சுவரை மறந்த கணக்கு



உங்கள் கடிதம் கிடைத்தது. குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் ‘சார்பகம்’, ‘செல்ஃப்-அட்ஜாயிண்ட்’ என்ற சொற்கள் வரும்போதெல்லாம் “அது கணிதக்காரர்கள் பாடு” என்று தாண்டிப் போய்விடுகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். விடை சரியாகத்தானே வருகிறது, பிறகு இந்தக் கறார் எதற்கு, இதற்கு நேரம் செலவிடலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செலவிடுங்கள். ஏன் என்பதை உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் அடைபட்ட துகள். பெட்டியின் நீளம், துகளின் நிறை, சுருக்கிய பிளாங்க் மாறிலி எல்லாமே 1 என்று வைத்துக்கொள்வோம். இரு சுவர்களிலும் அலைச்சார்பு பூஜ்யமாக வேண்டும். √30 × எக்ஸ் × (1 − எக்ஸ்) என்ற சார்பு அப்படிப்பட்டது. ஆற்றல் ஆபரேட்டர் இரண்டாம் வகைக்கெழுவை எடுத்து −½ ஆல் பெருக்கும். அதை இந்தச் சார்பின் மேல் போட்டால் √30 என்ற வெறும் மாறிலி வருகிறது. ஆற்றலின் சராசரி 5. பெட்டிக்குள் இருக்கக்கூடிய மிகக் குறைந்த ஆற்றல் சுமார் 4.93 என்பதால் இந்த 5 நம்பத்தக்க விடைதான்.

இனி ஆற்றலின் வர்க்கத்துக்குச் சராசரி காணுங்கள். ஆபரேட்டரை இன்னொரு முறை போடவேண்டும். மாறிலியின் வகைக்கெழு பூஜ்யம், ஆகவே சராசரியும் பூஜ்யம். விலக்க வர்க்கச் சராசரி 0 − 25, அதாவது −25. வர்க்கங்களின் சராசரி குறை எண்ணாக வராது என்பது பத்தாம் வகுப்புப் பாடம். வகையிட்டதில் ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் எங்கே சறுக்கியது?

சறுக்கியது சுவரில். ஆற்றல் ஆபரேட்டர் என்பது ‘இரண்டு முறை வகையிடு’ என்ற கட்டளை மட்டுமல்ல. சுவர்களில் பூஜ்யமாகும் சார்புகளின் மேல்தான் அது செயல்படும். அதுவே அதன் சார்பகம். √30 என்ற மாறிலி சுவரிலும் √30 ஆகவே நிற்கிறது. சார்பகத்துக்கு வெளியே போய்விட்ட ஒன்றின் மேல் ஆபரேட்டரை மறுபடி போட்டோம். சரியான வழி, முதல் முறை கிடைத்த மாறிலியை அதனோடே பெருக்கித் தொகையிடுவது. 30 வரும், விலக்க வர்க்கச் சராசரி 5. சந்தேகம் இருந்தால் ஐகன் சார்புகளாக விரித்துப் பாருங்கள். ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களைத் தலைகீழாக்கிக் கூட்டும் தொடர் வந்து நிற்கும், அதுவும் அதே 30-ஐத்தான் தரும். சார்பகத்தை விட்டுவிட்டால் சுவரையே விட்டுவிடுகிறோம். சுவர் இயற்பியல்தானே?

பெட்டியை விட்டுவிட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. 1925-இல் மாக்ஸ் பார்னும் பாஸ்குவல் யோர்டானும் இடத்துக்கும் உந்தத்துக்கும் இடையிலான பரிமாற்ற விதியை எழுதினார்கள். இரண்டையும் முன்பின்னாகப் பெருக்கிக் கழித்தால் அலகு அணியின் ஒரு மடங்கு வர வேண்டும். முடிவுள்ள அணிகளில் இது நடக்கவே நடக்காது. அப்படிக் கழித்து வரும் அணியின் மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம். அலகு அணியில் அது பூஜ்யமல்ல. முடிவிலி அளவுக்குப் போனாலும், எந்தச் சார்பையும் ஒரு குறிப்பிட்ட மடங்குக்கு மேல் பெரிதாக்காத ஆபரேட்டர்களால் இந்த விதியை நிறைவேற்ற முடியாது என்று 1947-இல் விண்ட்னரும் 1949-இல் வேறு வழியில் வீலாண்டும் காட்டினார்கள். அந்த வரம்பை மீறும் சமச்சீர் ஆபரேட்டரை ஹில்பர்ட் வெளி முழுவதிலும் வரையறுக்க முடியாது என்பதோ 1910-இலேயே தெரிந்த ஹெலிங்கர்–டோப்ளிட்ஸ் தேற்றம். ஆக, ஹைசன்பர்க் பிள்ளையார் சுழி போடுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே சார்பகம் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

இதையெல்லாம் ஒரு கட்டுக்கோப்புக்குள் கொண்டுவந்தவர் ஜான் வான் நாய்மன். 1932-இல் குவாண்டம் இயக்கவியலின் கணித அடித்தளங்கள் பற்றிய அவருடைய ஜெர்மன் நூல் வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சமச்சீராக இருப்பது வேறு, அதோடு தன் அட்ஜாயிண்டின் சார்பகமும் தன்னுடையதேயாகும்படி செல்ஃப்-அட்ஜாயிண்டாக இருப்பது வேறு என்ற வேறுபாட்டைத் துலக்கியதே அவர் செய்த மிகப் பெரிய உதவி என்பேன். பாடநூல்கள் இரண்டையும் ‘ஹெர்மிஷியன்’ என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுகின்றன. நிகழ்தகவு எங்கும் கசியாமல் காலம் முன்னும் பின்னும் ஓட வேண்டுமானால் ஆற்றல் ஆபரேட்டர் செல்ஃப்-அட்ஜாயிண்டாகத்தான் இருக்க வேண்டும். மார்ஷல் ஸ்டோனின் தேற்றம் சொல்வது இது. அதே பெட்டியில் உந்தத்தை எடுத்து, இரு முனைகளிலும் பூஜ்யம் என்று கட்டளையிட்டால் அது சமச்சீராக மட்டும் இருக்கும். ஐகன் சார்பு ஒன்றுகூடக் கிடைக்காது. ஒரு முனையின் மதிப்பு மறுமுனையின் மதிப்பிலிருந்து ஒரு கட்டக் கோணத்தால் வேறுபடலாம் என்று தளர்த்தினால் செல்ஃப்-அட்ஜாயிண்ட் ஆகிவிடும். கோணம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உந்த மதிப்புகள். பெட்டியை வளையமாக வளைத்து நடுவே காந்தப் பாயத்தைச் செலுத்தினால் அந்தக் கோணத்தைத் தீர்மானிப்பது பாயத்தின் அளவுதான். கணிதத்தில் விடப்பட்ட தேர்வு ஆய்வகத்தில் திருகிப் பார்க்கும் குமிழாகிறது. எனக்கு இதைவிட அழகானது இந்தப் பாடத்தில் இல்லை.

கறாரை இப்படிப் புகழ்வதால், உள்ளுணர்வை நம்பிய டிராக் போன்ற இயற்பியலாளர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டிராக்கின் டெல்டா சார்பை வான் நாய்மன் ஏற்கவில்லை. ஆனால் 1940-களில் லோரான் ஷ்வார்ட்ஸ் அதற்கு முறையான இடம் கொடுத்தார். அவருடைய உள்ளுணர்வு சரியாகவே இருந்தது என்று தெரிந்தது. மறுபக்கம், வான் நாய்மனின் நூலிலும் ஓட்டை உண்டு. மறைமாறிகள் சாத்தியமில்லை என்ற அவருடைய நிரூபணத்தில் ஓர் அனுமானம் தேவைக்கு மேல் வலுவானது என்று 1935-இலேயே கிரேட்டே ஹெர்மன் எழுதினார். பல ஆண்டுகள் யாரும் அந்தப் பெண்ணின் குரலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1966-இல் ஜான் பெல் அதே இடத்தில் கை வைத்த பிறகுதான் உலகம் கவனித்தது. அனுமானத்தை வான் நாய்மன் பட்டவர்த்தனமாக எழுதி வைத்திருந்ததால்தான் அவர்களால் அதைச் சுட்டிக்காட்ட முடிந்தது.

இந்தக் கறார் உடனே கைகூடிவிடவும் இல்லை. ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926-இல் வந்தது. அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் எழுதும் ஆற்றல் ஆபரேட்டர்கள் உண்மையிலேயே செல்ஃப்-அட்ஜாயிண்ட்தானா என்பதைத் தோசியோ காட்டோ நிரூபித்து வெளியிட்டது 1951-இல். கூலும் விசை அணுக்கரு இருக்குமிடத்தில் முடிவிலிக்குப் போகிறது. இருந்தும் இயக்க ஆற்றல் அதைத் தாங்கிக்கொள்கிறது என்று அவர் காட்டினார். இதையெல்லாம் முறையாகப் படிக்கப் பிரையன் ஹாலின் நூலில் தொடங்குங்கள், ரீட்–சைமன் தொகுதிகள் பிறகு.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு சுவரில் தொடங்கி முடிவிலி வரை நீளும் அரைக்கோட்டில் துகளை விடுங்கள். அலைச்சார்பை வலப்பக்கம் நகர்த்தினால் முழுசாக இருக்கும். இடப்பக்கம் நகர்த்தினால் சுவரில் ஒரு பகுதி காணாமல் போகும். அதனால் அங்கே செல்ஃப்-அட்ஜாயிண்டான உந்தமே கிடையாது. ஆனால் ஆற்றலுக்கு உண்டு. சுவரில் எத்தனை விதமான எல்லை நிபந்தனைகள் அதற்குப் பொருந்தும் என்று போட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.