பேரப்பிள்ளை பார்க்கப் போகும் ஆச்சிமார்

சரவணை, நாரந்தனை, கரம்பன், ஊர்காவற்றுறை ஆகிய ஊர்களில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்து, “ஆச்சி எங்கே?” என்று கேட்டால், “பேரப்பிள்ளை பார்க்கக் கனடாவுக்குப் போட்டா” என்ற மறுமொழி கிடைப்பது இன்று புதுமையன்று. வெளிநாட்டில் மகளோ மருமகளோ பிள்ளைப்பேற்றுக்கு நாள் எண்ணத் தொடங்கியதும், ஊரில் ஆச்சியின் கடவுச்சீட்டுக்கு ஓட்டம் தொடங்குகின்றது. ஒடியல் மாவும், மிளகாய்த்தூளும், பிள்ளைபெற்றவளுக்கான காயச் சரக்கும் பொதியில் ஏறுகின்றன. பண்ணைப் பாலத்துக்கு அப்பால் அதிகம் போயறியாத ஒரு மூதாட்டி, பாதி உலகைக் கடந்து ரொறன்ரோவில் போய் இறங்குகின்றார்.

இது மகிழ்ச்சிக்குரிய பயணம். ஆயினும் ஆயத்தமின்றிச் செய்தால் கண்ணீரில் முடியக்கூடிய பயணமும் ஆகும். எனவே இப்பயணத்தைப் பற்றிச் சில விடயங்களை ஒழுங்காகச் சிந்திப்பது, போகின்றவர்களுக்கும் அழைக்கின்றவர்களுக்கும் நன்மை தரும்.

1. அன்று பிள்ளை வந்தது. இன்று ஆச்சி போகின்றார்

தீவகத்து மக்களுக்குக் கடல் கடத்தல் புதிதன்று. ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட இந்த வேலணைத் தீவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் நம்மவர்கள் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் கடை வைக்கப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தனர். அக்காலத்தில் தகப்பன் தூர தேசத்தில் உழைக்க, பிள்ளைகள் ஊரில் ஆச்சியின் நிழலில் வளர்வது வழக்கமாயிருந்தது. மலாயாவிற் பிறந்த பிள்ளைகளைக் கூடப் படிப்புக்காக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியவர்கள் உண்டு. ஆச்சி இருந்த இடத்திலேயே இருந்தார். பிள்ளை அவரிடம் வந்தது.

1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின் இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. 1990இலும் 1991இலும் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கைகளின்போது ஊர்கள் வெறுமையாயின. குடும்பங்கள் கனடா, பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே எனச் சிதறின. அங்கே பிறக்கின்ற பிள்ளைக்கு ஊர் இல்லை, அயல் இல்லை, மாமி சித்தி இல்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகவேண்டும். ஆகவே இப்பொழுது ஆச்சிதான் பிள்ளையிடம் போகவேண்டியிருக்கின்றது. முன்னர் ஒரு முற்றத்துப் பெண்கள் எல்லாரும் பங்கிட்டுச் சுமந்த வேலையை, இன்று அறுபத்தைந்து வயதுடைய ஒருத்தி தனியாகச் சுமக்கின்றாள். இந்தப் பிரச்சினையின் வேர் இதுவே.

2. வேதாகமம் காட்டும் இரு பாட்டிமார்

பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமத்தை வாசிப்போர் நகோமியை அறிவர். பஞ்சத்தினால் பெத்லெகேமை விட்டு மோவாபு நாட்டுக்குப் பெயர்ந்து, அங்கே கணவனையும் இரு மைந்தர்களையும் பறிகொடுத்து, வெறுங்கையோடு ஊர் திரும்பியவள் அவள். பின்னர் மருமகள் ரூத்துக்கு ஓபேது பிறந்தபோது, நகோமி அக்குழந்தையை எடுத்து மடியிற் கிடத்தி வளர்த்தாள். இடம்பெயர்ந்து இழந்துபோன ஒரு வாழ்வு பேரக்குழந்தையினால் மீண்டும் தளிர்த்தது. நம் தீவுத் தாய்மாருக்கு இவ்வரலாறு விளக்கமின்றியே விளங்கும்.

புதிய ஏற்பாட்டில் புனித சின்னப்பர், திமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது, அது முதலில் பாட்டி லோயியிடமும் பின்பு தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று பெயர் குறித்தே சொல்கின்றார். பாட்டியின் மடி பிள்ளையின் முதற் பள்ளிக்கூடம் என்பதற்கு இது சான்று. திருத்தந்தை பிரான்சிசு 2021இல் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளை ஏற்படுத்தி, புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை அடுத்து, யூலை நான்காம் ஞாயிறில் அதனைக் கொண்டாடச் செய்ததும் இக்கருத்துப் பற்றியே.

3. “பார்த்தல்” என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

“பேரப்பிள்ளை பார்க்கப் போறன்” என்று நாம் சொல்கின்றோம். “பார்த்தல்” என்பது கண்ணாற் காணுதல். “பார்த்தல்” என்பது பராமரித்தலும் ஆகும். பெரும்பாலான மனக்கசப்புகள் இந்த இரண்டு பொருளுக்கும் இடையிலேதான் பிறக்கின்றன. ஆச்சி காணப் போகின்றார். பிள்ளைகள் பராமரிக்க அழைக்கின்றனர். அல்லது, ஆச்சி முழுநேரமும் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க விரும்புகின்றார். மருமகளோ சில மணிநேர உதவியையே எதிர்பார்க்கின்றாள்.

ஆகவே விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்னரே இரு பகுதியாரும் வெளிப்படையாகப் பேசித் தீர்க்கவேண்டியவை உண்டு. எத்தனை மாதம் தங்குவது? நாளில் எத்தனை மணிநேரம் பிள்ளையைப் பார்ப்பது? சமையலும் உடுப்புத் தோய்ப்பதும் யார் பொறுப்பு? ஓய்வு நாள் எது? திரும்பும் சீட்டு யார் கையில் இருக்கும்? பெற்ற பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சப்படத் தேவையில்லை. முன்னரே கேட்பது கணக்குப் பார்ப்பதன்று; உறவைக் காப்பதாகும்.

4. அந்நாடுகளின் சட்டம்

ஒவ்வொரு நாடும் வருகையாளருக்கு ஒரு கால எல்லையை வைத்திருக்கின்றது. கனடா 2011ஆம் ஆண்டு திசம்பரில், பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்குமென “சூப்பர் விசா” என்ற ஒழுங்கை ஏற்படுத்தியது. 2022ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் தொடக்கம், இந்த விசாவிற் செல்பவர் ஒரு வருகையில் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். இதற்கு அழைக்கின்ற பிள்ளை அல்லது பேரப்பிள்ளை கனடாக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றவராயும், குறித்த வருமானம் உடையவராயும் இருத்தல் வேண்டும். செல்பவர் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, குறைந்தது ஓர் ஆண்டுக்கு, 100,000 கனடா டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வைத்திருக்க வேண்டும்.

பிரித்தானியாவில் வருகையாளர் பொதுவாக 6 மாதம் வரை தங்கலாம். பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய ஷெங்கன் நாடுகளில், 180 நாளுக்குள் 90 நாள் மாத்திரமே தங்கலாம்; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் தேவை.

விமான நிலையத்தில் அதிகாரி “ஏன் வருகிறீர்கள்?” என்று கேட்கும்போது சிலர் தடுமாறிப் பொய் சொல்லிவிடுகின்றனர். அது தேவையற்றது. பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் காண வருவது குற்றமன்று. குறுகிய வருகையின்போது உறவினர் தம் குடும்பத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதைப் பிரித்தானிய விதிகள் அனுமதிக்கின்றன. சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் தொழிலாக அது மாறக்கூடாது என்பதே நிபந்தனை. அயல்வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் காசுக்குப் பார்த்துக்கொடுப்பது வருகையாளர் விசாவுக்கு மாறானது. உள்ளதை உள்ளபடி சொல்வதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

5. உடல்நலமும் மருந்தும்

வருகையாளருக்குக் கனடாவில் அரசாங்க இலவச வைத்தியம் கிடையாது. பிரித்தானியாவிலும், அவசரப் பிரிவில் அளிக்கும் சிகிச்சைக்கு அப்பால், வைத்தியசாலைச் செலவை வருகையாளரே கட்டவேண்டியிருக்கும். ஆகவே காப்புறுதிப் பத்திரத்தை வெறும் விசாக் கடதாசியாக எண்ணக்கூடாது. முன்பே உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை; அல்லது அந்நோய் குறித்த காலம் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கின்றன. உள்ள நோயை மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் உதவாமற் போகலாம்.

மருந்துகளைப் போதிய அளவில், வைத்தியரின் துண்டோடு, கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். விமானத்தில் நெடுநேரம் அசையாதிருந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். இடையிடையே எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் நல்லது. பச்சிளங் குழந்தையைத் தூக்கவிருப்போர் கக்குவானுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி போடுதல் பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். முதியவருக்குச் சாதாரண இருமலாக வருவது, பிறந்த குழந்தைக்கு உயிராபத்தாக முடியலாம்.

6. பிள்ளை வளர்ப்பில் பழையதும் புதியதும்

“உங்களையெல்லாம் நான் வளர்க்கவில்லையா?” என்பது ஆச்சியின் நியாயம். “டொக்டர் அப்படிச் செய்யக்கூடாது என்றவர்” என்பது மகளின் நியாயம். இரண்டையும் நிதானமாக ஆராய்ந்தால், ஆச்சியின் அறிவிற் பெரும்பகுதி இன்றும் பொன்னானது. தாலாட்டும், கதையும், பிள்ளையின் அழுகையைக் கேட்டே பசியா வயிற்றுவலியா என்று அறியும் பழக்கமும் எந்தப் புத்தகத்திலும் கிடையா. ஆனால் சிலவற்றில் மருத்துவம் புதிதாகக் கற்றுத் தந்ததை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

குழந்தையை மல்லாக்கக் கிடத்தியே நித்திரையாக்க வேண்டும், குப்புறக் கிடத்தலாகாது. தலையணை, மெத்தென்ற போர்வை ஆகியவற்றைப் பக்கத்தில் வைக்கக்கூடாது. பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் இந்த அறிவுரை நாடெங்கும் பரப்பப்பட்ட பின், தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை பெரிதும் குறைந்தது. ஏணையில் ஆட்டி நித்திரையாக்கிய நமக்கு இது புதிது; ஆயினும் உயிர் காப்பது. ஒரு வயது நிறையும்வரை தேன் தொட்டு வைக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் உடலிற் கொடிய நஞ்சை உண்டாக்கும். முதல் 6 மாதமும் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாம்பிராணிப் புகை காட்டினால் பிள்ளையின் நெஞ்சுக்குக் கேடு. அங்கேயுள்ள வீடுகளில் புகை எச்சரிக்கை மணியும் அடித்துவிடும்.

தடி எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டே விமானம் ஏறவேண்டும். பிள்ளைகளை அடிப்பதைச் சுவீடன் 1979இலும், நோர்வே 1987இலும், ஜேர்மனி 2000இலும், பிரான்சு 2019இலும் சட்டத்தால் விலக்கின. பாட்டியின் ஓர் அடி, பிள்ளையின் வாய்மொழியால் பள்ளிக்கூடத்தை எட்டி, பெற்றோரை விசாரணைக்கு உள்ளாக்கலாம். சட்டத்துக்குப் பயந்து மாத்திரமன்று. அடியாமலே திருத்த முடியும் என்பதனாலும் இதனை விடவேண்டும்.

7. தனிமையும் தமிழும்

பனிக்காலத்தில் பத்தாம் மாடி வீடொன்றில், பேசத் துணையின்றி, கைக்குழந்தையோடு காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணிவரை இருப்பது எளிதன்று. ஊரில் கிணற்றடியும் வேலியோரமும் கோயில் வாசலும் ஆச்சிக்குப் பேச்சுத்துணை தந்தன. அங்கே கதவைத் திறந்தால் நீண்ட வெறும் நடைபாதை. பிள்ளைகள் இதனை உணரவேண்டும். கிழமைக்கு ஒரு நாளாவது ஆச்சியைக் கோயிலுக்கும் தமிழ் முதியோர் கூடும் இடத்துக்கும் கூட்டிச் செல்லுதல், தொலைபேசியை இயக்கக் கற்றுக்கொடுத்தல், வீட்டு முகவரியையும் அவசர இலக்கத்தையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவைத்தல் ஆகியவை கட்டாயக் கடமைகள். கனடாவில் அந்த இலக்கம் 911; பிரித்தானியாவில் 999; ஐரோப்பிய நாடுகளில் 112.

தனிமைக்கு நல்ல மருந்தொன்று ஆச்சியின் நாவிலேயே இருக்கின்றது. அவர் பேசும் தமிழே பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும் முதுசொம். தாயும் தகப்பனும் களைத்து வந்து ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசிவிடுவர். ஆச்சிக்கு அம்மொழி தெரியாதிருப்பதே இங்கே நன்மையாகின்றது. பிள்ளை அவரோடு தமிழிலேதான் பேசியாக வேண்டும். “சோறு”, “நிலா”, “அப்பு” என்ற சொற்களும், சிலுவை அடையாளமும், இரவுச் செபமும் அவர் மூலமாகவே பிள்ளைக்குச் சேருகின்றன. இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

8. ஊரில் தங்கும் அப்பு

கடைசியாக ஒன்று. பெரும்பாலும் ஆச்சி போக, அப்பு ஊரில் தங்கிவிடுகின்றார். வளவையும் ஆட்டையும் விட முடியாது. இருவருக்கும் சீட்டெடுக்கக் காசும் போதாது. நாற்பது ஆண்டு ஒன்றாக உண்டு வாழ்ந்தவர்கள், வாழ்வின் மாலையில் ஒருவர் கனடாவிலும் ஒருவர் சரவணையிலுமாகப் பிரிகின்றனர். சூப்பர் விசா ஐந்து ஆண்டு அனுமதிக்கின்றதென்பதற்காக ஐந்து ஆண்டும் வைத்திருக்க வேண்டுமென்பதில்லை. அப்புவுக்கு யார் சமைப்பது, சுகவீனம் வந்தால் யார் பார்ப்பது என்ற ஒழுங்கைச் செய்யாமல் ஆச்சியை அழைப்பது, ஒரு முதியவரின் துணையைப் பறித்து இன்னொரு வீட்டின் சுமையைக் குறைப்பதாகும்.

அன்பான பிள்ளைகளே, கடவுச்சீட்டையும் திரும்பும் சீட்டையும் உங்கள் தாயின் கையிலேயே கொடுத்து வையுங்கள். “எனக்கு ஊருக்குப் போகவேண்டும் போலிருக்கிறது” என்று அவர் சொல்லும் நாளில், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் கட்டணத்தைக் கணக்குப் பாராதீர்கள். உங்கள் வீட்டில் அவர் விருந்தாளியுமல்லர், வேலைக்காரியுமல்லர், அவ்வீட்டின் மூத்தவர். விரும்பி வந்து, விரும்பியபோது போகக்கூடிய ஒருவரின் மடியே பேரப்பிள்ளைக்கு நல்ல மடியாகும்.

கலந்துரையாடுவதற்குச் சில வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தில் பேரப்பிள்ளை பார்க்கச் சென்றவர் எத்தனை மாதம் தங்குவது என்பதை யார் தீர்மானித்தார்?

2. பிள்ளை வளர்ப்பில் ஆச்சியிடமிருந்து இளந்தாய்மார் கற்கவேண்டியவை எவை? இளந்தாய்மாரிடமிருந்து ஆச்சி கற்கவேண்டியவை எவை?

3. துணைவி வெளிநாடு சென்றிருக்க, உங்கள் அயலில் தனித்திருக்கும் முதியவர் எவரேனும் உளரா? இந்தக் கிழமை அவருக்காக நீங்கள் செய்யக்கூடியது என்ன?